நாரத்தை சென்ற நெடுவழி

மனிதன் வளர்த்த மரங்களுள், ஒரு வீட்டு முற்றத்திலிருந்து மற்றொரு வீட்டு முற்றத்துக்குக் கைமாறிக் கைமாறியே உலகைச் சுற்றிவந்த மரம் ஒன்றைச் சுட்டவேண்டுமாயின், நாரத்தையைச் சுட்டலாம். தேசி, தோடை, நாரத்தை, கடாரங்காய், பம்பளிமாசு என்று வெவ்வேறு பெயரால் வழங்குவன யாவும் ஒரே குலத்தின் கிளைகளாகும். சொதியை அடுப்பினின்று இறக்கியபின் பிழியும் தேசிக்காய்ப் புளியும், நோன்பு திறக்கும் வேளையில் பருகும் சர்பத்தும், காய்ச்சலில் நாவறண்டவனுக்கு உரித்துக் கொடுக்கும் தோடஞ்சுளையும் ஒரே குடும்பத்தின் கொடைகளே. இக்குலத்தில் வழக்கத்துக்கு மாறான ஒரு மரம் எங்கேனும் ஒரு வளவில் தோன்றுவதும், அதனைக் கண்டறிந்த ஒருவர் பேணிப் பெருக்குவதும் பன்னெடுங்காலமாக நிகழ்ந்து வருகின்றன. அந்த வரலாற்றை அறிந்தவர்க்குத் தம் கிணற்றடியில் நிற்கும் பழைய மரம் ஒரு புதுப் பொருளுடன் தோன்றும்.

நாரத்தை என்னும் பெயரே ஒரு வரலாறு கூறும். மலையாளத்தில் நாரங்ஙா எனவும், வடமொழியில் நாரங்கம் எனவும், பாரசீகத்தில் நாரங் எனவும், அரபியில் நாரஞ்சு எனவும், இசுப்பானிய மொழியில் நரஞ்சா எனவும் உருமாறிச் சென்ற அச்சொல், தன் முதலொலியை வழியில் இழந்து ஆங்கிலத்தில் ஓரேஞ்சு ஆயிற்று. அதன் வேர் திராவிட மொழிகளிலேயே உள்ளது என்பது மொழிநூலார் பலரின் கருத்தாகும். பழந்தமிழ் நூல்களில் நரந்தம் என்னும் சொல் பயில்கின்றது. கபிலர் குறிஞ்சிப்பாட்டில் அடுக்கிக் கூறும் மலர்களுள் நரந்தமும் ஒன்று. அதியமானை இழந்த ஔவையார் பாடிய கையறுநிலைப் பாட்டிலும் நரந்தத்தின் நறுமணம் நினைவுகூரப்படுகின்றது. இச்சொல்லுக்கு நாரத்தம்பூ என்றும், ஒருவகை வாசப்புல் என்றும் இடத்துக்கேற்பப் பொருள் கொள்வர்.

இக்குலத்தின் காட்டு உறவினமாகிய குருந்து சமய வரலாற்றிலும் இடம்பெற்றுவிட்டது. திருப்பெருந்துறையில் மாணிக்கவாசகர் தம் குருநாதரைக் கண்டது குருந்தமரத்தின் அடியில் என்பது மரபு. இலங்கையின் வறண்ட வலயக் காடுகளிலும் குருந்தினங்கள் உள்ளன. அவற்றின் இலையைக் கசக்கி முகர்ந்தவர் தேசியிலையின் மணத்தை உடனே உணர்வர். விளாத்தியும் வில்வமும் கறிவேப்பிலையும் இதே பெருங்குடும்பத்தைச் சேர்ந்தவை. கிழக்கிலங்கைக் கரையோரத்து வளவொன்றில் இவற்றுள் இரண்டு மூன்று நிற்பது அரிதன்று. ஆதலின் அங்குள்ளோர்க்கு நாரத்தைக் குலம் அயலான் அல்லன், ஒருவகையிற் சுற்றத்தானே.

இக்குலம் முதலில் எங்கே தோன்றியது என்பது நெடுங்காலம் விளங்காதிருந்தது. 2018ஆம் ஆண்டில் வெளிவந்த மரபணு ஆய்வொன்று, இமயமலையின் தென்கிழக்கு அடிவாரத்தையே அதன் பிறப்பிடமாகக் காட்டிற்று. ஏறத்தாழ 80 இலட்சம் ஆண்டுகளுக்கு முன்னர் அங்கிருந்து அது கிளைத்துப் பரவிற்று என்பர். இன்று கடைகளிற் காணும் பலவகைப் பழங்களுக்கும் மூன்று மூதாதையரே முதன்மையானவர். தடித்த தோலையுடைய கடாரங்காய் ஒன்று; பெரும் பம்பளிமாசு மற்றொன்று; எளிதில் தோலுரியும் மண்டரின் தோடை மூன்றாவது. பம்பளிமாசும் மண்டரினும் கலந்தமையால் நாரத்தை பிறந்தது. அவ்விரண்டும் மேலும் பலமுறை கலந்தமையால் இனிப்புத் தோடை பிறந்தது. நாரத்தையுடன் கடாரங்காய் கலந்தபோது பெரிய எலுமிச்சை உண்டாயிற்று. சிறு தேசிக்கும் கடாரங்காய் ஒருபுறப் பெற்றோராகும். மறுபுறம் தென்கிழக்காசியத் தீவுகளின் காட்டினம் ஒன்று. கலப்பே இக்குலத்தின் இயல்பு. இந்தியாவின் மேகாலயத்தில் காரோ மலைப்பகுதியிலுள்ள நொக்ரெக் காடுகளில் இன்றும் ஒரு காட்டு நாரத்தை வளர்கின்றது. காரோ மக்கள் அதனை ‘மேமாங் நாரங்’, அஃதாவது ஆவிகளின் நாரங்காய் என்று அழைக்கின்றனர். காடுறை மக்களின் நாவிலும் அதே நாரங் என்னும் சொல் நிற்பது எண்ணத்தக்கது.

அம்மரம் கடல்கடந்த செய்தியை எழுதிவைத்தவர் ஓர் அரபு அறிஞர். பக்தாத் நகரிற் பிறந்து கி.பி. 956இல் எகிப்தில் மறைந்த அல் மஸ்ஊதி, தேசங்கள் பலவற்றைச் சுற்றி, செரெந்தீப் எனப்பட்ட இலங்கையைப் பற்றியும் எழுதியவர். ஹிஜ்ரி 300ஆம் ஆண்டின் பின்னர், அஃதாவது கி.பி. 912ஐ அடுத்து, நாரத்தை இந்திய நாட்டினின்று கொண்டுவரப்பட்டு முதலில் ஓமானில் நடப்பெற்றது என்றும், அங்கிருந்து பஸ்ராவுக்கும் ஈராக்குக்கும் சிரியாவுக்கும் சென்றது என்றும் அவர் கூறுகின்றார். தர்சூசு முதலிய எல்லைப்புற நகரங்களிலும், அந்தியோக்கியாவிலும், சிரியக் கரையோரத்திலும், பாலத்தீனத்திலும், எகிப்திலும் மக்களின் வீடுகளில் அது பல்கிப் பெருகிற்று என்று அவர் குறித்தமை இங்கு முதன்மையானது. அரண்மனைத் தோட்டங்களில் மட்டுமன்றிக் குடிமக்களின் மனைகளிலும் அது வேரூன்றிவிட்டது என்பது இதனாற் புலனாகும். ஆயினும் இந்திய மண்ணில் அதற்கிருந்த நறுமணமும் அழகிய நிறமும் புதிய நாட்டில் குறைந்துபோயின என்றும், அந்நாட்டு மண்ணும் நீரும் காற்றும் அங்கில்லாமையே காரணம் என்றும் அவர் வருந்துகின்றார். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் எழுதப்பட்ட அவ்வரிகளை இன்றைய தோட்டக்காரரும் ஒப்புவர்.

அரபு மக்கள் அம்மரத்தை மேற்கே இசுப்பானிய நாடுவரை கொண்டுசென்றனர். 12ஆம் நூற்றாண்டில் செவில் நகரத்து இப்னுல் அவ்வாம் இயற்றிய உழவுப் பெருநூலில் இக்குலத்து மரங்களை நடும் முறையும் பேணும் முறையும் விரித்துரைக்கப்படுகின்றன. இனிப்புத் தோடை பின்னரே ஐரோப்பாவிற் பரவிற்று. அதனைப் பரப்பிய போர்த்துக்கேயரின் நாட்டுப்பெயரே அரபு மொழியில் இனிப்புத் தோடைக்குப் ‘புர்துகால்’ என்று நிலைத்துவிட்டது. புளிப்பு நாரத்தைக்கோ பழைய இந்தியப் பெயரே எஞ்சி நிற்கின்றது. ஒரே கனிக்குலத்துக்கு வழங்கும் இரு பெயர்களில் இரண்டு வணிகக் காலங்கள் பதிந்திருக்கின்றன.

இலங்கையின் செய்திக்கு வருவோமாயின், 1660இல் கொட்டியாரக் குடாவுக்கு அண்மையில் சிறைப்பட்டு, 1679வரை கண்டி அரசிற் கைதியாக வாழ்ந்த இரொபேட்டு நொக்சு என்னும் ஆங்கிலேயர் நல்ல சான்றாளர். 1681இல் அச்சேறிய தம் நூலில், இத்தீவின் கனிகளுள் இனிப்புத் தோடை, புளிப்புத் தோடை, தேசி, கடாரங்காய், சிறிய இனிப்புத் தோடை ஆகியவற்றை அவர் பிரித்துக் கூறுகின்றார். இங்கிலாந்தில் அறியப்பட்ட எலுமிச்சை மட்டும் இங்கில்லை என்பதையும் கவனித்திருக்கின்றார். தேயிலையும் இறப்பரும் வருவதற்கு ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளுக்கு முன்னரே இத்தீவின் வீட்டுத் தோட்டங்களில் இத்துணை வகைகள் இருந்தன. 1821இல் பேராதனைத் தாவரவியற் பூங்கா நிறுவப்பட்டதும், 1912இல் விவசாயத் திணைக்களம் தோன்றியதும் மிகப் பின்னைய நிகழ்ச்சிகளே. அவற்றுக்கு முன்னர் வகைகளைக் காத்தவர் கிராமத்து மக்களேயாவர். அம்பாறைக்கு மேற்கே, மொனராகலை மாவட்டத்துப் பிபிலையின் தோடம்பழம் இன்றும் நாடெங்கும் பேர்பெற்றது. அதன் தோல் பசுமையாயிருப்பினும் உள்ளே சாறு இனிக்கும். இரவிலும் குளிர் வாராத தாழ்நிலத்தில் தோடையின் தோல் பொன்னிறம் பெறாது. பசுமை பழுதன்று என்பதை அறியாதோரே அதனைக் காயென்று ஒதுக்குவர்.

உலகப் புகழ்பெற்ற தோடைகள் சிலவற்றின் பிறப்பை நோக்கின், அவை ஒற்றை மரத்திற் பிறந்தமை காணலாம். பிரேசில் நாட்டின் பாகியாப் பகுதியில், ஒரு தோடைமரத்தின் கிளை இயற்கையாகவே மாறுபட்டு, விதையற்றதும் நுனியிற் கொப்பூழ் போன்ற வடிவுடையதுமாகிய பழத்தை ஈன்றது. அதன் ஒட்டுக்கன்றுகள் 1873இல் அமெரிக்காவின் கலிபோர்ணியா மாநிலத்து இரிவர்சைடு நகரில் வாழ்ந்த எலைசா திபெட்சு என்னும் அம்மையாருக்கு அனுப்பப்பட்டன. பாத்திரம் கழுவிய நீரை ஊற்றியே அவர் அக்கன்றுகளைக் காத்தார் என்பது அவ்வூர் வழக்கு. கலிபோர்ணியாவின் பெருந்தோட்டங்கள் அவர் முற்றத்துக் கன்றுகளின் அரும்புகளிலிருந்தே பெருகின. அம்மூல மரங்களுள் ஒன்று இன்றும் அந்நகரில் வேலிசூழ நிற்கின்றது. அல்சீரியா நாட்டில் மிசெர்கின் என்னுமிடத்து அநாதை இல்லத் தோட்டத்தில், கிளெமன்ட் என்ற துறவியார் பேணிய ஒரு மரம் 1902இல் கிளெமன்டைன் என்று பெயர்பெற்றது. சீனாவிலே பீக்கிங் நகரத்து வீடுகளிற் சாடிகளில் அழகுக்காக வளர்க்கப்பட்ட ஓர் எலுமிச்சையைத் தாவரம் தேடிச்சென்ற பிராங்கு மேயர் 1908இல் அமெரிக்காவுக்கு எடுத்துச்சென்றார். மூன்றிடத்தும் ஒரு மனிதரின் கூர்த்த பார்வையே அம்மரங்களைக் காத்தது.

இவற்றைப் பேணுதற்கு ஒட்டுமுறை இன்றியமையாதது. கொப்பூழ்த் தோடைக்கு விதையே இல்லை. அதனை ஒட்டினாலன்றி வேறு வழியாற் பெருக்குதல் அரிது. பம்பளிமாசும் கடாரங்காயும் ஒரு விதைக்கு ஒரு முளையே தருவன. அம்முளையிலே கலப்பு நேர்வதால், நல்ல தாயின் விதையினின்று சுவையற்ற பிள்ளை பிறத்தலும் உண்டு. தேசியும் தோடையும் வேறு இயல்பின. அவற்றின் ஒரு விதையில் இரண்டு மூன்று முளைகள் தோன்றும். அவற்றுட் பெரும்பாலானவை தாயின் இழையத்தினின்றே எழுவதால் தாயை அவ்வாறே ஒத்திருக்கும். ஆயினும் விதைக்கன்று முள் மிகுந்து, காய்ப்பதற்குப் பல ஆண்டுகள் எடுக்கும். ஆகவே ஓர் அரிய மரம் தன்னியல்பு குன்றாமல் அடுத்த தலைமுறையை அடையவேண்டுமாயின், அதன் அரும்பு உயிருள்ளபோதே மற்றொரு கன்றின்மீது ஏறவேண்டும். மரம் பட்டபின் மனம் வருந்திப் பயனில்லை.

பழம் புளிக்கின்றது, பயனற்றது என்று தள்ளப்பட்ட மரமும் ஒருகால் ஒரு நாட்டைக் காத்ததுண்டு. 1930களில் ஆர்செந்தீனாவிலும் பிரேசிலிலும் ‘திரிசுதேசா’, அஃதாவது துயரம் என்னும் பெயருடைய வைரசு நோய் தோடைத் தோட்டங்களிற் புகுந்தது. அங்கிருந்த மரங்கள் பெரும்பாலும் நாரத்தை வேர்மீதே ஒட்டப்பட்டிருந்தமையால் இலட்சக்கணக்கில் மடிந்தன. அந்நோயைத் தாங்கும் வேரைத் தேடியபோது, வங்கநாட்டு இரங்பூரின் பெயரைத் தாங்கிய புளித்த எலுமிச்சை கைகொடுத்தது. அதன் வேர்மீதே பிரேசிலின் தோட்டங்கள் மீண்டும் எழுந்தன. அவ்வேர் உப்பையும் ஓரளவு தாங்கவல்லது. எல்லா மரங்களும் ஒரே வேரில் நிற்பதால் வரும் கேட்டையும், எவரும் மதியாத வகையொன்று எங்கோ உயிரோடிருப்பதால் வரும் நன்மையையும் இந்நிகழ்ச்சி ஒருசேரக் காட்டுகின்றது.

இன்றைய பெரும்பகை பச்சையாதல் நோயாகும். சிறு தத்துப்பூச்சி ஒன்று அதனை மரத்துக்கு மரம் காவிச்செல்லும். இலையில் ஒழுங்கற்ற மஞ்சள் படரும். பழம் கோணலாகிக் கசக்கும். மரம் மெல்ல மெல்ல மாயும். அதற்கு மருந்து இன்னும் இல்லை. அமெரிக்காவின் புளோரிடாவில் அந்நோய் 2005இற் கண்டறியப்பட்டது. 2003–04 பருவத்தில் 24 கோடிப் பெட்டிகளுக்கு மேல் தோடை விளைந்த அம்மாநிலத்தில், 2023–24 பருவத்தில் ஏறத்தாழ 1 கோடியே 80 இலட்சம் பெட்டிகளே கிடைத்தன. புயல்களும் அவ்வீழ்ச்சிக்குத் துணைநின்றன. இப்பூச்சி கறிவேப்பிலையிலும் வாழும். ஆதலின் நாரத்தையையும் கறிவேப்பிலையையும் அருகருகே நட்டோர், இரண்டின் கொழுந்துகளையும் ஒருங்கே கவனித்தல் வேண்டும்.

கிழக்கிலங்கைக் கரைக்கு வேறொரு துயரமும் நேர்ந்தது. 2004 டிசெம்பர் 26ஆம் நாள் கடல் எழுந்து நிலத்தின்மேல் வந்தபோது, இலங்கையில் மிகுதியான உயிர்களைப் பறிகொடுத்தது அம்பாறை மாவட்டமே. மருதமுனை முதற் பொத்துவில் ஈறாக, சாய்ந்தமருது, காரைதீவு, திருக்கோவில், வினாயகபுரம் என்று நீளும் ஊர்நிரையில் மக்கள் உறவினரை இழந்தனர்; வீடுகளை இழந்தனர். மனிதரை எண்ணி அழுத அந்நாட்களில் மரங்களை எண்ணுவார் இலர், எண்ணாமை குற்றமுமன்று. ஆயினும் கிணறுகளிற் புகுந்த உப்பு எளிதில் நீங்கவில்லை. கனிமரங்களுள் உப்பைத் தாங்கமாட்டாதவற்றில் நாரத்தைக் குலம் முன்வரிசையில் நிற்கின்றது. அலை மோதிச் சாயாத மரமும் பின்னர் இலைநுனி கருகி உதிர்ந்து படுதல் அதன் இயல்பு. பின்னாளில் வளவுகள் பங்கிடப்பட்டுச் சிறுத்தன. மதிலும் கொங்கிறீட்டுத் தரையும் கிணற்றடியை விழுங்கின. பாட்டி ஒருத்தி ஒரு பெயரிட்டு அழைத்த மரம் பெயரோடு மறைவது இவ்வாறே. மரத்தின் பெயரை அறிந்தவர் மறைந்தபின், மரமே நின்றாலும் அது வெறும் விறகாகவே மற்றவர் கண்ணிற் படும்.

இக்காரணத்தால் தேடுதல் என்பது தொலைநாட்டுக் கன்றுகளை வரவழைப்பதினும் முதன்மையாகத் தன்னூரைச் சுற்றிப் பார்த்தலே. காய்ப்பருவம் நீங்கியபின்னும் காய்க்கும் தேசி, விதை குறைந்த தேசி, தோல் மெல்லிய நாரத்தை, உட்சதை சிவந்த பம்பளிமாசு, உவர் மண்ணிலும் செழித்து நிற்கும் பெயரறியா மரம் ஆகியவை கவனத்துக்குரியன. சிங்களக் கிராமங்களில் நஸ்நாரங் எனப்படும் சிறுகனி மரமும் இத்தகைய அரும்பொருளே. மரத்துக்குரியோரிடம் அது எங்கிருந்து வந்தது, எப்பெயரால் வழங்கிற்று, எதற்குப் பயன்பட்டது என்று கேட்டு எழுதிவைத்தல் வேண்டும். அவ்வாறு எழுதிய ஒரு தாள் பள்ளிக்கூட மாணவரின் கையிலிருந்து வரினும் அது வரலாற்றுச் சான்றேயாகும். வெளிநாட்டிலிருந்து பெட்டிக்குள் மறைத்துக் கன்றோ கிளையோ கொணர்தல் கூடாது. 1999ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கத் தாவரப் பாதுகாப்புச் சட்டம் அதனைக் கட்டுப்படுத்துகின்றது. சட்டத்துக்கு அஞ்சாதவரும், ஒரு கிளையோடு நோயொன்று ஊர் முழுவதும் புகக்கூடும் என்பதற்கேனும் அஞ்சவேண்டும்.

வளர்க்கும் முறை அரிதன்று. விதையை உலரவிடாது, பழத்தினின்று எடுத்துக் கழுவியவுடன் விதைத்தல் வேண்டும். கன்றின் தண்டு பென்சில் அளவு பருத்ததும் அரும்பு ஒட்டலாம். நோயற்ற தாய்மரத்தின் முற்றிய சிறுகிளையிலிருந்து அரும்பொன்றைப் பட்டையோடு சீவியெடுத்து, அடிக்கன்றின் பட்டையில் ஆங்கில ‘ரீ’ எழுத்துப்போலக் கீறிய இடத்திற் செருகி, நீர் புகாதபடி நாடாவாற் கட்டுதல் வேண்டும். மூன்று வாரமளவில் அரும்பு பசுமையாயிருப்பின் ஒட்டுப் பிடித்துவிட்டது எனலாம். தேசிக்கும் கடாரங்காய்க்கும் கிளையிற் பதியம் வைத்தலும் எளிது.

மாரிமழை தொடங்கும் ஐப்பசி, கார்த்திகையில் நடுதல் கரையோரத்துக்கு ஏற்றது. இரண்டடி ஆழமும் அகலமுமாய்க் குழி வெட்டி, மக்கிய மாட்டெருவை மேல்மண்ணோடு கலந்து இடவேண்டும். ஒட்டிய இடம் மண்ணுக்கு மேலே உயர்ந்து நிற்கவேண்டும். அடித்தண்டைச் சுற்றி நீர் தேங்கினால் பட்டை அழுகும். மணல்நிலம் நீரையும் உரத்தையும் விரைவில் இழக்குமாதலால், எருவைச் சிறிது சிறிதாகப் பலமுறை இடுதல் நன்று. வேர் மேலோட்டமானது, ஆழக் கொத்துதல் ஆகாது. கச்சான் காற்று வீசும் மாதங்களில் தென்னஞ்சருகாலும் பொச்சுமட்டையாலும் வேர்ப்பரப்பை மூடிவைத்தால் ஈரம் நிற்கும். கிணற்றுநீர் உவர்ப்பாயின், மழைநீரைச் சேர்த்துவைத்து வேனிலில் ஊற்றுதல் வேண்டும். இளங்கொழுந்தில் பறவையின் எச்சம்போற் கிடக்கும் புழு, தேசி வண்ணத்துப்பூச்சியின் குஞ்சாகும். சிறு தோட்டத்தில் அதனைக் கையாற் பொறுக்கி நீக்குதலே போதும்.

இவ்வாறு வளர்த்த ஒட்டுக்கன்றுகளை ஒரே வளவில் வைத்திருத்தல் அறிவுடைமை ஆகாது. ஒன்றைத் தன் வீட்டிலும், ஒன்றைக் கடலுக்கு எட்டிய உறவினர் வீட்டிலும், மற்றொன்றை அயலூர் நண்பர் வளவிலும் நடுவித்தல் வேண்டும். திருக்கோவிலிற் பிறந்த மரம் கல்முனையில் நிற்கட்டும்; நிந்தவூரிற் பிறந்த மரம் தம்பிலுவிலில் நிற்கட்டும். ஓரிடத்தைக் கடலோ நோயோ கொண்டாலும் மற்றோரிடத்தில் அரும்பு எஞ்சும். தர்சூசு நகரத்து மக்கள் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் தம் மனைகளில் நட்டதனாலன்றோ நாரத்தை மேற்கே சென்றது! இன்ன மொழியினர், இன்ன சமயத்தினர் என்று அது வேறுபாடு பார்க்கவில்லை. நீரூற்றிய கையை மட்டுமே அறிந்தது. அந்நெடுவழியின் அடுத்த வீடு கரையோரத்து எவ்வீடாகவும் இருக்கலாம். அதற்கு வேண்டுவன ஒரு கூரிய கத்தியும், ஒரு சிறு கன்றும், பழைய மரத்தின் பெயரைக் கேட்டறியும் ஆர்வமுமே.